முதல் குறைந்தால் நட்டமா?

(செங்கல்பட்டில் நடைபெற்ற வணிகவியல் ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



சொத்துகள் = முதல் + பொறுப்புகள். பதினோராம் வகுப்பில் நாம் அனைவரும் நடத்தும் சமன்பாடுதான். பல ஆண்டுகள் நானும் இதைக் கரும்பலகையில் எழுதி, கட்டங்களை நிரப்பச் சொல்லி, மதிப்பெண் போட்டு முடித்துவிடுவேன். ஒரு மாணவிதான் என்னை மாற்றினாள்.

அவளுடைய அப்பா மாமல்லபுரத்தில் சிறிய சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார். அந்த ஊர்க் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றவை. ஒருநாள் அவள், “மிஸ், தொழில்ல நட்டமாம். பட்டறைய மூடிட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போறேன்னு அப்பா சொல்றாரு” என்றாள்.

“எவ்வளவு நட்டம்?” என்று கேட்டேன். தெரியவில்லை. கணக்கேடே கிடையாது. கல் வாங்கிய சீட்டுகளும், பாக்கியைக் குறித்த நாட்காட்டித் தாள்களும்தான் இருந்தன. அப்பாவிடம் கேட்டு, இரண்டு நாள்களுக்கு மட்டும் நிலை அறிக்கை தயாரிக்கச் சொன்னேன்.

ஆண்டுத் தொடக்கத்தில் கல், சிற்பங்கள், கருவிகள், வரவேண்டிய பாக்கி, ரொக்கம் எல்லாம் சேர்த்துச் சொத்து ரூ.1,50,000, கடன் ரூ.50,000. எனவே தொடக்க முதல் ரூ.1,00,000.

ஆண்டு இறுதியில் சொத்து ரூ.1,35,000, கடன் ரூ.45,000. இறுதி முதல் ரூ.90,000.

“பத்தாயிரம் குறைஞ்சிருக்கே மிஸ், அப்போ நட்டம்தானே?” என்றாள். பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். முதல் எதனால் மாறுகிறது? இலாபமும் கூடுதல் முதலும் அதைக் கூட்டும். நட்டமும் எடுப்புகளும் குறைக்கும். கடன் வாங்கினால் சொத்தும் பொறுப்பும் சேர்ந்தே ஏறும், முதல் அசையாது.

வீட்டுச் செலவுக்கு மாதம் ரூ.10,000 எடுத்திருக்கிறார்கள். அக்கா திருமணத்துக்கு ரூ.1,00,000. ஆக எடுப்புகள் ரூ.2,20,000. அம்மாவின் நகையை விற்றுப் பட்டறையில் போட்டது ரூ.40,000, அது கூடுதல் முதல்.

90,000 + 2,20,000 − 40,000 − 1,00,000 = 1,70,000.

நட்டமல்ல, இலாபம்! மாதத்துக்கு ஏறக்குறைய ரூ.14,000. காவலாளி வேலைக்குச் சொன்ன சம்பளமோ ரூ.12,000. பட்டறை நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. திருமணச் செலவுதான் முதலைக் கரைத்திருக்கிறது. ஆனால், அவருடைய உழைப்புக்கான கூலியும் அந்த இலாபத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதையும் அவளிடம் சொன்னேன். முடிவு அவர்களுடையது, சமன்பாடு உண்மையை மட்டும்தான் காட்டும்.

அவள் அப்பா பட்டறையை மூடவில்லை. வீட்டுக்கு எடுக்கும் பணத்தைத் தனி நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறார்.

நண்பர்களே, பன்னிரண்டாம் வகுப்பில் முழுமை பெறா பதிவேடுகள் பாடத்தை நடத்தும்போது, மீன் விற்பவர், சிற்பி, தேநீர்க் கடைக்காரர் என்று நம் ஊர்த் தொழில்களிலிருந்தே தொடங்குங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எந்தப் பிள்ளையின் வீட்டுக் கணக்கையும் வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். இந்தக் கணக்கைக்கூட அவளுடைய அனுமதியோடுதான் உங்களிடம் சொன்னேன்.