வட்டில் மறைந்த பெயர்கள்

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனங்கள் இருப்பதுண்டு. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவும் அத்தகைய வீடுகளே. ஒரு பகுதியில் விண்டோஸ். மறு பகுதியில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்.

உளுந்தூர்பேட்டையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் அத்தகைய கணினி இருந்தது. கல்வராயன் மலையில் முதிய பெண்மணிகள் பாடக் கேட்டு அவர் பதிவு செய்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அதன் விண்டோஸ் பகுதியில் இருந்தன. பாடியவர்களுள் பலர் இன்று இல்லை. ஒரு நாள் விண்டோஸ் எழ மறுத்தது. லினக்ஸ் எழுந்தது; ஆனால் விண்டோஸ் பகுதி தனக்குப் புரியவில்லை என்றது. வட்டை அழித்துவிடுமாறு சிலர் கூறினர். அந்நிலையில்தான் நண்பர் என்னை அழைத்தார்.

கெர்னல் என்பது கணினியின் உள்ளுறுப்புகளை ஆளும் மூல நிரல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலை எவரும் தம் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் தொகுத்துக்கொள்ளலாம். சிறிய நினைவகத்தை எண்ணி நண்பர் பலவற்றைக் கழித்திருந்தார். 1993 முதல் விண்டோஸ் என்.டி. குடும்பம் கையாளும் என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையும் கழிந்தவற்றுள் ஒன்று. கெர்னல் அறிந்த கோப்பு முறைகளின் பட்டியல் 'ப்ராக்' என்னும் அடைவில் கிடைக்கும். அதில் அப்பெயர் காணப்படவில்லை.

ஆகவே அதனைச் சேர்த்துக் கெர்னலை மீண்டும் தொகுத்தோம். படிக்க மட்டுமே இசைவு தந்து விண்டோஸ் பகுதியை இணைத்தோம். பழுதுற்ற வட்டில் எழுத முற்படுவது புண்ணைக் கீறுவதற்கு ஒப்பாகும் அன்றோ?

பகுதி திறந்தது. ஆங்கிலப் பெயர் தாங்கிய கோப்புகள் யாவும் தெரிந்தன. தமிழ்ப் பெயர் தாங்கிய பாடல்களில் ஒன்றேனும் தெரியவில்லை! நண்பரின் முகம் வாடிற்று. எனினும் வட்டில் நிரம்பியிருந்த இடத்தின் அளவு, பாடல்கள் அழியவில்லை என்பதைக் காட்டியது.

காரணம் இதுதான். என்.டி.எஃப்.எஸ். பெயர்களை யூனிகோடில் எழுதிவைக்கிறது. கெர்னலோ மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய அட்டவணையைக் கொண்டு அவற்றைப் பெயர்த்தது. அவ்வட்டவணையில் தமிழுக்கு இடமில்லை. பெயர்க்க இயலாத பெயரை அந்தப் பழைய இயக்கி காட்டாமலே விட்டுவிடும். யு.டி.எஃப்.-8 அட்டவணையையும் கெர்னலில் சேர்த்து, இணைக்கும்போது அதனையே கையாளுமாறு கட்டளையிட்டோம். பாடல்கள் வரிசையாக வெளிப்பட்டன. முதல் வேலையாக அவற்றை வேறொரு வட்டில் படியெடுத்தோம்.

2021இல் வெளிவந்த 5.15ஆம் கெர்னலில் பாரகன் நிறுவனம் அளித்த புதிய இயக்கி சேர்ந்தது; அது எழுதவும் வல்லது. எனினும் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதி, கணினியை அணைத்த பின்னும் அந்தப் பகுதியை அரைத்துயிலில் வைத்திருக்கும். அதனை நீக்கி முழுமையாக அணைத்த பின்னரே லினக்ஸிலிருந்து எழுத வேண்டும்.

நேயர்களே! கண்ணுக்குத் தெரியாதது இல்லாமற் போய்விட்டது என்று முடிவு கட்டி வட்டை அழித்துவிடாதீர்கள். முதலில் கெர்னலுக்கு அந்தக் கோப்பு முறை தெரியுமா என்று பாருங்கள். அடுத்து, அதற்குத் தமிழ் தெரியுமா என்று பாருங்கள். அந்த மலைப் பாடல்கள் இன்று மூன்று வட்டுகளில் பத்திரமாக இருக்கின்றன.