கிணற்று மோட்டாருக்கு ஏற்ற மெயின் சுவிட்சும் பியூஸ் கம்பியும்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நமது சேலம், நாமக்கல் சமவெளியில் கிணற்றைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. எத்தனை அடி ஆழம், எத்தனை அங்குலத் தண்ணீர், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் செலவு செய்கிறோம். ஆனால் மோட்டார் கொட்டகைச் சுவரில் தொங்கும் மெயின் சுவிட்சையும் அதனுள் இருக்கும் பியூஸ் கம்பியையும் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பியூஸ் போனால் கைக்குக் கிடைத்த கம்பியைச் சுற்றிவிட்டு மடை திருப்பப் போய்விடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தேன். மூன்று ஏக்கரில் மரவள்ளி, அரை ஏக்கரில் சின்ன வெங்காயம். வெங்காயம் திரளும் தருணம். 5 குதிரைத்திறன் மோட்டாரோ அந்த ஒரே கோடையில் இரண்டாம் முறையாகக் காயில் கட்டப் போயிருந்தது. மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்தேன். மூன்று பியூஸ் கட்டைகளில் ஒன்றில் கடையில் வாங்கிய சரியான கம்பி உருகிக் கிடந்தது. இன்னொன்றில் பழைய கேபிளிலிருந்து உரித்த செம்பு இழைகள் மூன்றை முறுக்கிப் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் அலுமினியக் கம்பி. "அடிக்கடி போவுதுங்க, அதனால கொஞ்சம் பலமாப் போட்டுட்டனுங்க" என்றார் தோட்டக்காரர்.

அவர் மோட்டாரைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஆனால் அந்தப் பலம்தான் மோட்டாரை எரித்தது. எப்படி என்று சொல்கிறேன்.

மூன்று கம்பிகளும் ஒரே கனமாக இல்லாதபோது மெல்லியது மட்டும் முதலில் உருகிவிடும். மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். மோட்டார் நின்றுவிடாது; இரண்டு பேஸில் உறுமிக்கொண்டே ஓடும். அப்போது மீதி இரண்டு பேஸிலும் மின்னோட்டம் ஏறக்குறைய 1.7 மடங்காகிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் 415 வோல்ட்டில் முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். அது 13 ஆம்பியருக்கு ஏறிவிடும். காயிலின் வார்னிஷ் கருகச் சில நிமிடங்கள் போதும்.

"மூன்றிலும் சரியான கம்பி போட்டிருந்தால் மற்ற பியூஸ்கள் உருகிக் காப்பாற்றியிருக்குமா?" என்று கேட்பீர்கள். காப்பாற்றியிருக்காது. 15 ஆம்பியர் என்று விற்கும் கம்பி 15 ஆம்பியரில் உருகுவதில்லை. அது தொடர்ந்து தாங்கும் அளவு அது. உருகுவதற்கு ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு, அதாவது 30 ஆம்பியர் வேண்டும். 13 ஆம்பியரில் மோட்டார் வெந்துகொண்டிருக்கும்போது பியூஸ் கம்பி உருகாது.

ஆகவே பியூஸ் மோட்டாருக்குக் காவல் அல்ல; ஒயருக்குக் காவல். எங்காவது ஷார்ட் ஆனால் ஒயர் பழுத்துக் கொட்டகைக் கூரை பற்றாமல் காப்பது அதன் வேலை. மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலேயும், ஒரு பேஸ் போனால் உடனே நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டரும். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய முடியாது.

பியூஸ் கம்பியை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஈயம் பூசிய செம்புக் கம்பிதான் வாங்க வேண்டும். 0.35 மி.மீ. கனமுள்ளது 10 ஆம்பியர், 0.50 மி.மீ. 15 ஆம்பியர், 0.60 மி.மீ. 20 ஆம்பியர், 0.85 மி.மீ. 30 ஆம்பியர் தாங்கும். கேஜ் கணக்கில் கேட்டால் 0.50 மி.மீ. கம்பி ஏறக்குறைய 25 கேஜ், 0.60 மி.மீ. 23 கேஜ். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 15 ஆம்பியர் கம்பி போடுங்கள். நேரடி ஸ்டார்ட்டரில் தொடக்க மின்னோட்டம் ஆறு மடங்கு வரை எழும்பும். அதனால் அடிக்கடி உருகினால் 20 ஆம்பியர் போடலாம். அதையும் மீறி உருகினால் குறை வேறெங்கோ இருக்கிறது. மோட்டாரைத் தூக்கிப் பாருங்கள், கேபிள் ஜாயின்டைப் பாருங்கள், கம்பியைத் தடிப்பாக்காதீர்கள். கனத்தை இரட்டித்தால் உருகும் அளவு இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இதை மனத்தில் வையுங்கள். மூன்று கட்டைக்கும் ஒரே சுருளிலிருந்து கம்பி எடுங்கள். நியூட்ரலில் பியூஸ் வேண்டாம். ஹெச்.ஆர்.சி. பியூஸ் விலை அதிகம்தான். ஆனால் அதில் இழை முறுக்கிப் போட வழியில்லை என்பதற்காகவே நான் அதைச் சிபாரிசு செய்வேன்.

மெயின் சுவிட்ச் 5 குதிரைத்திறனுக்கு 32 ஆம்பியர், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். 16 ஆம்பியர் சுவிட்சும் ஓடும், ஆனால் நாளுக்குப் பலமுறை போட்டு நிறுத்தினால் அதன் கத்திகள் கருகும். சுவிட்சில் 32 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 32 ஆம்பியர் கம்பி போட்டுவிடக் கூடாது. அது சுவிட்சின் தாங்குதிறன். கம்பியை ஒயருக்கும் மோட்டாருக்கும் தக்கபடிதான் போட வேண்டும். இரும்புப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு தேவை. பெட்டியின் ஓட்டைகளை அடைத்து வையுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து காண்டாக்டில் மாட்டிச் செய்கிற நாசம் கொஞ்சமல்ல.

ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியருக்கே திருப்பி வைக்க வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே காயிலோடு தொடராக இருந்தால் அந்த எண்ணில் 0.58 பங்குக்கு வைக்க வேண்டும். வோல்டேஜ் 415லிருந்து 340க்கு இறங்கினால் 7.5 ஆம்பியர் மோட்டார் 9 ஆம்பியர் இழுக்கத் தொடங்கும். ரிலே டிரிப் ஆகும். உடனே ரிலேயை ஏற்றி வைப்பவர்கள் நம்மில் பலர். நோயாளியின் காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பதுபோல் இது. 5 குதிரைத்திறனுக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் வைத்தால் லைனில் ஓடும் ஆம்பியர் குறையும், வோல்டேஜும் சற்றுத் தேறும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். சில நிமிடம் கழித்தே தொட வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று பேஸ் மின்சாரம் இராத்திரி எந்நேரத்தில் வருமோ என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி வைத்திருக்கிறோம். கரண்ட் இல்லையே என்று நினைத்து ஈரக் காலோடு பியூஸ் கட்டையைப் பிடுங்கும்போது கரண்ட் வந்துவிட்டால்? 15 ஆம்பியர் பியூஸ் உங்கள் உயிரைக் காக்காது. மனிதனைக் கொல்ல ஓர் ஆம்பியரில் சிறு பங்கே போதும். அதனால்தான் வீடுகளில் 30 மில்லி ஆம்பியரில் நிறுத்தும் கசிவு மின்காப்பு வைக்கிறார்கள். கொட்டகைக்கும் தகுந்த அளவில் அது தேவை. மெயின் சுவிட்சை நிறுத்தி, கைப்பிடி கீழே இருப்பதைக் கண்ணால் பார்த்து, டெஸ்டரால் மூன்று பேஸையும் சோதித்த பின்பே கட்டையில் கை வையுங்கள். டெஸ்டரை முதலில் எரிகிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டம் போன்றவற்றின் வழியே சூரிய மின் மோட்டார் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பலகைகளிலிருந்து வருவது நேர்மின்சாரம்; பல நூறு வோல்ட் வரை இருக்கும். நமது லைன் மின்சாரம் ஒரு விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சைப் பிரித்ததும் பொறி அணைந்துவிடுகிறது. நேர்மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி அணையாமல் நீண்டு எரியும். எனவே பழைய மெயின் சுவிட்சைக் கொண்டுபோய் அங்கே மாட்டாதீர்கள். டி.சி. என்றும் எத்தனை வோல்ட் என்றும் குறித்த சுவிட்சும் பியூஸும்தான் அங்கே செல்லும்.

டிராக்டர் பேட்டரிக்கும் இதே கணக்குத்தான். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியம் வேண்டாம். ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி ஒயரைப் பழுக்க வைக்கும். கூடுதலாக விளக்கு மாட்டினால் அதன் பியூஸை விளக்கின் பக்கம் வைக்காமல் பேட்டரி முனையை ஒட்டி வையுங்கள். இடையிலுள்ள ஒயர் முழுவதும் அப்போதுதான் காவலுக்குள் வரும். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.