சின்னமுத்து போன பிறகும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சின்னமுத்து வந்தால் வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனியே கிடத்தி, தண்ணீர் வார்த்ததும் "போயிட்டுது" என்று எங்கள் அம்மாமார் ஆறுவார்கள். பெரும்பாலும் அது போய்விடும். மிக அரிதாகச் சில பிள்ளைகளில் மட்டும் அந்தக் கிருமி மூளைக்குள் ஒளித்திருந்து, ஆறு, எட்டு, பத்து வருடம் கழித்து எழும்புகிறது. அந்த நோயை எஸ்.எஸ்.பி.ஈ. என்கிறோம்.

நாங்கள் பார்த்த ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயது. வகுப்பில் முன்னுக்கு நின்றவள். முதலில் எழுத்துக் கோணியது, வாய்ப்பாடு மறந்தது, தொட்டதற்கெல்லாம் கோபம். பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு திடுக்கிடல், கோப்பை கைநழுவும். சில விநாடி கழித்துத் திரும்ப அதே திடுக்கிடல். நடக்கையில் தொப்பென்று விழுவாள்.

"பஞ்சியிலை எழுதிறாளில்லை எண்டு நானும் அடிச்சுப்போட்டன் டொக்டர்" என்றார் தாய். எங்களுக்கு மறுமொழி வரவில்லை.

இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்தில், ஊசி போடும் வயதுக்கு முன்பே அவளுக்குச் சின்னமுத்து வந்திருந்தது. இரண்டு வயதுக்கு முன் வந்தால்தான் இந்த ஆபத்துக் கூட. மூளை மின்பதிவும் முள்ளந்தண்டு நீரும் நோயை உறுதிசெய்தன. மருந்து திடுக்கிடலைக் குறைத்தது, நோயைத் திருப்பவில்லை. பேச்சுப் போனது, பார்வை மங்கியது, விழுங்க முடியாமல் குழாயால் பால் பருக்கினார்கள். படுக்கைப்புண் வராமல் இரவெல்லாம் புரட்டிப் படுக்க வைத்தவர் தாய்தான். தம்பி அந்த வருடம் பள்ளிக்கூடம் போனது குறைவு. இந்த நோய் வந்த பிள்ளைகளில் அநேகர் ஒன்று முதல் மூன்று வருடங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். அவளும் அப்படித்தான்.

ஊசியால் இது வராது. இப்பிள்ளைகளின் மூளையில் கண்டறியப்பட்டது இயற்கையாகத் தொற்றிய கிருமியே. இலங்கையில் சின்னமுத்து ஊசி 1984இல் தொடங்கியது. இப்போது ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடுகிறோம். 2019இல் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு உறுதிசெய்தது. 2023இல் திரும்ப வந்துவிட்டது. கனடாவில் 2025இல் மட்டும் 5,000 பேருக்கு மேல் தொற்றியது. அங்கேயும் எங்கள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒன்பது மாதமாகாத குழந்தைக்கு எங்கள் அட்டவணையில் ஊசி இல்லை. தூக்கிக் கொஞ்சுகிறவர்கள் ஊசி போட்டிருப்பதே அதற்குக் காவல். அடுத்த விடுமுறைக்குச் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து வருமுன் பிள்ளைகளின் ஊசிப் பதிவை ஒருக்கால் பாருங்கள். எங்களில் ஆசிரியைகளாய் இருப்பவர்களே, நன்றாய்ப் படித்த பிள்ளையின் எழுத்துத் திடீரெனக் கோணினால், பிரம்பை எடுக்க முன் எங்களிடம் அனுப்புங்கள்.