நல்லவர் என்ற செருக்கு

மலேசியாவின் லாபிஸ் வட்டாரத்து ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்தவன் நான். இந்தப் பட்டமளிப்பு விழாவில் பேசும் வாய்ப்பு வந்ததும், ஒரு சிறுகதையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அது எழுத்தாளர் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த அவர், 1953 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றினார். இங்கு எழுத வந்த இளைஞர்களுக்குக் கதைக்கலையைச் சொல்லிக் கொடுத்தார். 1970இல் அவர் மறைந்தபின், இக்கதையின் பெயரிலான தொகுப்புக்குத்தான் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த காலத்தில், உடற்கூறியல் தேர்வுக்கு முந்திய இரவு இக்கதையைப் படித்தேன். அறைத்தோழன் திட்டித் தீர்த்தான். அந்தத் தேர்வின் கேள்விகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. கதையில் வரும் சிறுவன் சாரங்கன் இருக்கிறான்.

கதை சொல்பவர் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து தருவார். பெரியவர் என்ற தோரணை இல்லாமல் பழகுவார். இரண்டு பிள்ளைகளுக்கு டைரி தருகிறார். சாரங்கனும் கேட்கிறான், அவனுக்குக் கிடைக்கவில்லை. பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைத்துப் போகிறான். உப்புமா கொடுத்து உபசரிக்கிறான். கடைசியில் தன்னிடமிருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டுகிறான். அவரே பிரியமாகக் கொடுத்ததாக அதில் எழுதித் தர வேண்டுமாம்!

அவர் கொடியவரா? இல்லை. குழந்தைகளை மெய்யாகவே நேசித்தவர். அந்த நேசத்தைப் பற்றிய பெருமிதமும் அவருக்குள் இருந்தது. அதுதான் சாரங்கனை மறைத்தது. இவனுக்கு எதற்கு டைரி என்று எண்ணியபோது, அது ஒரு முன்முடிவு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இதைவிட வெளிப்படையான செருக்கும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் 1964இல் எழுதிய 'வெளிப்பாடு' கதையில், ரூபி டர்பின் என்ற அம்மாள் டாக்டரின் காத்திருப்பு அறையில் அமர்ந்து, வந்திருப்பவர்களை மேல், கீழ் என்று மனத்துக்குள் தரம் பிரிப்பார். அந்தச் செருக்கை எவரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். படித்தவர்களாகிய நமக்கு வருவது அழகிரிசாமி காட்டிய செருக்கு. நன்மை செய்கிற கையிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

என் தொழிலில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்ததும், நம் ஆட்களுக்கு வாய்க்கட்டு கிடையாது என்று தீர்ப்புச் சொல்லும் இளம் மருத்துவர்கள் உண்டு; அவர்களில் பலர் நம் பிள்ளைகளே. கால் புண்ணோடு வந்த ஒரு பாட்டியை அப்படிப்பட்ட மருத்துவர் ஒருவர் கடிந்துகொண்டார், அக்கறையோடுதான். தோட்டம் விற்கப்பட்டபின் கிளினிக்குக்கு வர வண்டியே இல்லை என்று பாட்டி சொல்ல வாயெடுத்தார். கேட்க ஆள் இல்லை. அறிவுரை கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது! எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

பட்டம் பெறும் நீங்கள் நாளை வகுப்பறையிலும் அலுவலக முகப்பிலும் உட்காருவீர்கள். உதவி கேட்டு வருபவர் பேசி முடிக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள். அழகிரிசாமியின் கதைத் தொகுப்பு ஒன்றை உங்கள் நூலகருக்குக் கொடுத்திருக்கிறேன். ஊர் திரும்புமுன் வாங்கிப் படியுங்கள்.