சூட்டை அறிவிக்கும் சிறு கருவி



நெருப்பை வயிற்றிலே வைத்துக்கொண்டு உழைக்கும் பொறி எஞ்சின். எரிபொருள் பற்றியெரியும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசையும் தாண்டிவிடும். அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிப் போகும். அவ்வாறிருக்க, அலுமினியத்தாலும் வார்ப்பிரும்பாலும் ஆன எஞ்சின் ஆண்டுக் கணக்கில் உருக்குலையாமல் உழைப்பது எங்ஙனம்? அதன் சுவர்களுக்குள் அமைந்த வாய்க்கால்களில் இடைவிடாது சுற்றிவரும் நீரே அதனைக் காக்கிறது. எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவமும், துருவைத் தடுக்கும் மருந்தும் கலந்த அந்நீரைக் கூலன்ட் என்று பட்டறைகளில் வழங்குகிறார்கள். எஞ்சினிடம் வெப்பத்தை வாங்கி, ரேடியேட்டரில் காற்றினிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவது அதன் தொழில்.

இந்நீர் அளவுக்கு மீறிச் சூடாகவும் கூடாது. குளிர்ந்தே கிடக்கவும் கூடாது. பெரும்பாலான எஞ்சின்கள் ஏறத்தாழ 80 முதல் 100 டிகிரி வரையுள்ள சூட்டிலேதான் செவ்வனே உழைக்கும். ஆதலால் நீரின் சூட்டை அறிந்து சொல்ல ஒரு சிறு கருவியை அது ஓடும் பாதையிலேயே பொருத்தியிருக்கிறார்கள். பித்தளை உடலும் பிளாஸ்டிக் தலையும் கொண்டு, ஒரு விரல் அளவே இருக்கும் அக்கருவிக்கு டெம்பரேச்சர் சென்சார் என்று பெயர். நாம் அதனை வெப்ப உணரி என்று அழைப்போம். இன்று உங்களோடு பேச நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

உணரியின் நுனிக்குள் உலோக ஆக்சைடுகளால் செய்த ஒரு சிறு மணி இருக்கிறது. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் அதன் மின்தடை மிகும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்த மணியின் இயல்போ அதற்கு நேர்மாறானது. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். 1833ஆம் ஆண்டிலே மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கிலேய அறிஞர் வெள்ளி சல்பைடு என்ற பொருளில் இவ்வியல்பைக் கண்டு எழுதிவைத்தார். பரவலாக வழங்கும் ஒருவகை உணரியை எடுத்துக்கொண்டால், 20 டிகிரியில் ஏறத்தாழ 2500 ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் சுமார் 300 ஓமாகத் தாழ்ந்துவிடும். வண்டியிலுள்ள கணிப்பொறி 5 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிலையான தடையின் வழியே உணரிக்கு அனுப்பி, உணரியின் முனைகளில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று அளந்து, அதிலிருந்து சூட்டைக் கணக்கிட்டுக்கொள்கிறது.

அக்கணக்கைக் கொண்டே அது பல காரியங்களை முடிவு செய்கிறது. டீசல் வண்டியாயின், கிளப்புவதற்கு முன் ஹீட்டர் பிளக்குகள் எவ்வளவு நேரம் பழுக்க வேண்டும், எவ்வளவு டீசலை எப்போது பீய்ச்ச வேண்டும், சூடு மிகுந்தால் எஞ்சினின் வலிவை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. பல வண்டிகளில் ஓட்டுநரின் முன்னுள்ள வெப்பமுள்ளும் இதன் சொற்படியே நகர்கிறது. இத்தனைக்கும் ஆதாரமான உணரி பொய் சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்?

என் பழைய மாணவர் ஒருவர் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்கிறார். பல்லாண்டு உழைத்த பழைய பிக்கப் வண்டி அவருடையது. ஒரு நாள் அதன் வெப்பமுள் சிவப்புக் கோட்டிலேயே ஏறி நின்றுவிட்டது. ஏற்றத்தில் வண்டியின் இழுவை குறைந்தது. விடியற்காலைக் குளிரில் கிளப்புவதும் அரிதாயிற்று. பட்டறையில் காட்டியபோது, "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்" என்றார்களாம். வீட்டிலுள்ளவர் நகையை அடகு வைத்தாலன்றி அத்தொகை கிட்டாது. வண்டி நிற்கும் நாள்களின் வருவாயும் போய்விடும். அவர் என்னிடம் வந்து, "என்ன செய்யலாம், ஐயா?" என்று கேட்டார்.

"தம்பி, நாளைக் காலையில் வண்டியைக் கிளப்பாதே. சாவியை மட்டும் திருப்பிவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்" என்றேன்.

மறுநாள் விடியலில் இருவரும் பார்த்தோம். சாவியைத் திருப்பியவுடன் முள் நேரே சிவப்பிற்குச் சென்றது. எஞ்சினைத் தொட்டால் தண்ணென்று இருந்தது. இரவெல்லாம் உறங்கிய எஞ்சின் சுற்றுப்புறக் காற்றின் சூட்டிலேதான் இருக்க முடியும். ஆகவே முள் கூறியது பொய் என்பது தெளிவாயிற்று.

ஆயினும், மாணவர்களே, முள் பொய் சொல்வதனாலேயே எஞ்சின் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாகாது. பட்டறையில் எழுந்த ஐயத்தையும் சோதித்தல் முறை. ரேடியேட்டரில் நீர் குறையவில்லை. எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தோம். எண்ணெயோடு நீர் கலந்தால் தோன்றும் பால்நிறம் அதில் இல்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பினோம். நீரில் வாயுக் குமிழிகள் எழவில்லை. கேஸ்கட் கெட்டதற்கான குறி ஒன்றும் காணவில்லை.

இனிக் குற்றம் உணரியிலா, அதற்குச் செல்லும் கம்பியிலா என்று அறிய வேண்டும். உணரியின் தலையில் செருகியிருந்த இணைப்பைக் கழற்றினோம். முள் உடனே குளிர்ப் பக்கத்திற்கு விழுந்தது. கம்பி எங்கேனும் உராய்ந்து வண்டியின் உடலைத் தொட்டிருந்தால் முள் விழுந்திராது, சிவப்பிலேயே நின்றிருக்கும். ஆகவே கம்பி நலம். பிறகு மல்டிமீட்டரைக் கொண்டு உணரியின் தடையை அளந்தோம். அக்குளிரில் 1500 ஓமுக்கு மேல் காட்ட வேண்டியது 200 ஓமைக்கூட எட்டவில்லை. கொதிநீரில் கிடப்பதாகவே அது இடையறாது சொல்லிக்கொண்டிருந்தது. அதனை நம்பிய கணிப்பொறி, எஞ்சினைக் காப்பதற்காக வலிவைக் குறைத்தது. சூடான எஞ்சினுக்கு வேண்டாமென்று ஹீட்டர் பிளக்குகளையும் போதிய அளவு பழுக்கவிடவில்லை. இழுவைக் குறைவுக்கும் காலைத் தொல்லைக்கும் காரணம் இந்த ஒன்றே.

மாற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதற்கண் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மூடியுள்ள ரேடியேட்டரில் நீர் அழுத்தத்துக்கு உட்பட்டிருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, நீர் ஒரு நொடியில் ஆவியாய்ச் சீறி முகத்தை வேக வைத்துவிடும். அடுத்து, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். உணரி இருக்கும் மட்டத்திற்குக் கீழே நீர் இறங்கும்வரை சுத்தமான பாத்திரத்தில் வடித்துக்கொள்ள வேண்டும். அதனைத் தரையில் சிந்தலாகாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் நஞ்சு. நாயும் கன்றும் அதனை நக்கி உயிரிழக்கும்.

இணைப்பைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் கொக்கியை அழுத்தி விடுவிக்க வேண்டும். பின்னர்ப் பொருத்தமான ஸ்பேனரால் பழைய உணரியைத் திருகி எடுக்கலாம். புதியதைப் பொருத்துமுன் சோதித்துக்கொள்வது நன்று. ஒரு குவளையில் குளிர்ந்த நீரையும் மற்றொன்றில் சுடுநீரையும் வைத்து, வெப்பமானியும் மல்டிமீட்டருமாக நாங்கள் அவ்வாறே சோதித்தோம். சுடுநீரில் தடை குறைந்தது. குளிர்நீரில் மீண்டும் ஏறியது. உங்கள் பள்ளிச் சோதனைச் சாலையிலும் இதனை எளிதில் செய்து, வரைபடமாக வரைந்து பார்க்கலாம்.

புதிய வளையத்தோடு உணரியை முதலில் கையாலேயே திருக வேண்டும். மரை நேராகப் பற்றிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். பித்தளை மெல்லியது, வலிந்து முறுக்கினால் மரை சிதைந்துவிடும். பிறகு இணைப்பைச் செருகி, பாட்டரியைப் பூட்டி, வடித்த நீரை ஊற்றி, குழாய்களில் அகப்பட்ட காற்று வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். கசிவு உண்டா என்று பார்த்து, எஞ்சின் ஆறியபின் நீர்மட்டத்தை மறுபடியும் சரிபார்த்தால் வேலை முடிந்தது. எங்களுக்கு ஒரு காலைப் பொழுதே பிடித்தது. நகை வீட்டிலேயே இருந்தது. அன்று மாலையே வண்டி சுமை ஏற்றச் சென்றது.

இதனைக் கேட்டு, சிவப்பில் நிற்கும் முள்ளையெல்லாம் பொய்யென்று தள்ளிவிடாதீர்கள். முள் மெய் சொல்லும்போது அலட்சியமாக ஓட்டிய வண்டியில் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்து, செலவு பன்மடங்காகும். முள் சிவப்பிற்குப் போனால் வண்டியை நிறுத்துங்கள், ஆறவிடுங்கள், பின்னர் ஆராயுங்கள். அவ்வாறே, பட்டறைக்காரரைப் பழிப்பதும் முறையன்று. முள்ளின் சொல் மெய்யாயின் அவர் கூறியதும் பொருந்தக் கூடியதே. அச்சொல்லை ஒருமுறை சோதித்துப் பார்ப்பதுதான் எஞ்சியிருந்தது.

மின்தடையைப் பற்றிய பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிப்பவர் பலர். அன்று அந்தப் பாடமே ஓர் உழைப்பாளியின் வீட்டைக் கடனிலிருந்து காத்தது. நீங்கள் எத்தொழிலுக்குச் சென்றாலும் கருவிகள் உங்களிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவற்றை நம்புங்கள், ஆனால் நம்புமுன், இந்த எண் இந்த இடத்தில் இருக்கக் கூடியதுதானா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே கைக்கொள்வீர்களாக.