இறந்தகாலத்தில் எழுதப்படும் சமூகம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சமூகம் வாழ்ந்த வாழ்க்கை ஒன்று. அவ்வாழ்க்கையைப் பிறர் அறிந்துகொள்ளும் முறை மற்றொன்று. முதலாவது நிலத்திலும் இல்லத்திலும் ஆலயத்திலும் நிகழ்வது. இரண்டாவது சொல்லில் நிகழ்வது. பேச்சுமொழி ஒரு பெயரை இடுகிறது. இலக்கியம் அப்பெயருக்கு ஓர் உருவத்தைத் தருகிறது. பாடநூலும் நாளிதழும் அவ்வுருவத்தை வீடுதோறும் கொண்டு சேர்க்கின்றன. மூன்றும் சேர்ந்து உருவாக்கும் தோற்றத்தையே பெரும்பாலோர் வரலாறு என்று நம்புகின்றனர்.

தமிழ்ச் சமணர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவர்களைப் பற்றிப் பாடநூலோ செய்தித்தாளோ எழுதும்போது, வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரே வகை வினைமுற்றில் முடிகின்றன: செழித்திருந்தது, வாழ்ந்தனர், மறைந்தது. மேல்சித்தாமூரில் மடம் இயங்குகிறது. திருப்பருத்திக்குன்றம், தீபங்குடி, கரந்தை முதலிய ஊர்களின் ஆலயங்களில் வழிபாடு நடைபெறுகிறது. வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களில் நயினார் குடும்பங்கள் உழுது பயிரிட்டு வாழ்கின்றன. ஆயினும் எழுத்தில் அவர்கள் இறந்தகாலத்தவர். உயிரோடிருக்கும் ஒரு சமூகத்தை இலக்கணம் மட்டுமே கடந்த காலத்தில் நிறுத்திவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதைப் படிப்படியாகக் காண்பது நன்று.

முதலில் மொழி. 'சிரமணர்' என்னும் சொல், தவத்தில் முயல்பவர் என்னும் பொருளுடையது. அது தமிழில் 'சமணர்' என்றும் 'அமணர்' என்றும் வழங்கிற்று. திகம்பரத் துறவியரின் கோலத்தைக் கண்டு 'அமணம்' என்ற சொல் ஆடையின்மையைக் குறிக்கத் தொடங்கி, இன்று பேச்சுவழக்கில் 'அம்மணம்' என நிற்கிறது என்பர் அறிஞர் பலர். தவத்தின் உச்சத்தைக் குறித்த சொல், இன்று குழந்தையை அதட்டும்போது தாய் சொல்லும் சொல்லாகிவிட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு சொல்லின் பொருளை அறிந்தோர் குறைந்து, அதைக் கேட்டோர் மிகுந்தபோது தானாகவே நிகழ்ந்தது.

இதற்கு நேர்மாறாக உயர்ந்து நிற்கும் சொல்லும் உண்டு. 'பள்ளி' என்பது துறவியர் உறைவிடத்தைக் குறித்த சொல். அவர்கள் தங்கிய இடத்தில் எழுத்தும் இலக்கணமும் கற்பிக்கப்பட்டமையால், கற்கும் இடமெல்லாம் பள்ளியாயிற்று. இன்று எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே இலக்கண வகுப்பில் அவர்கள் கற்கும் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்ட சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டல புருடரும் சமணர். தமிழைக் கற்பதற்கான கருவிகளைச் செய்து கொடுத்தோரின் பெயர், அத்தமிழிலேயே இகழ்ச்சிக் குறிப்பாகவும் வழங்கியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மலைகளின் பெயர்களும் இவ்வாறே மாறின. ஆர்க்காட்டை அடுத்த ஒரு குன்று கல்வெட்டில் திருப்பான்மலை எனப்படுகிறது. அங்குள்ள, நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பொன்னியக்கியாரின் திருவுருவத்தையும் நாகநந்தி என்னும் குருவையும் குறிப்பிடுகிறது. மக்கள் வழக்கில் அதன் பெயர் பஞ்சபாண்டவர் மலை. தமிழகமெங்கும் சமண முனிவர் கிடந்து தவம் செய்த கற்படுக்கைகள் பல பஞ்சபாண்டவர் படுக்கை எனப்படுகின்றன. மதுரைச் சமணமலையில் தீர்த்தங்கரர் திருவுருவம் உள்ள குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர். இப்பெயர்களை இட்ட மக்களிடம் பகைமை இல்லை. படுக்கையைக் கண்டனர், அதற்கு உரியவர் யார் என்று தெரியவில்லை, தாம் அறிந்த கதையிலிருந்து ஒரு பெயரை எடுத்து வைத்தனர். அறியாமை வெற்றிடமாக நிற்பதில்லை. அருகிலுள்ள கதை வந்து அதை நிரப்பிவிடுகிறது.

இரண்டாவது இலக்கியம். சீவக சிந்தாமணிக்கு 'மணநூல்' என்றொரு பெயர் உண்டு. சீவகன் மகளிர் எண்மரை மணந்தான் என்பதே பலர் அந்நூலைப் பற்றி அறிந்த செய்தி. அந்நூலின் 13 இலம்பகங்களுள் இறுதியானது முத்தியிலம்பகம் என்பதையும், அரசையும் சுற்றத்தையும் துறந்து சீவகன் தவம் மேற்கொள்வதே காப்பியத்தின் முடிவு என்பதையும் அறிந்தோர் சிலரே. ஒரு பெயர் நூலின் பாதியை ஒளிபெறச் செய்து மறுபாதியை மறைத்துவிட்டது.

அந்நூல் 1887இல் டாக்டர் உ.வே. சாமிநாதையரால் அச்சேறியது. சைவ நூல்களில் ஆழ்ந்த புலமை பெற்றிருந்த அவருக்கு, சிந்தாமணியின் சமயக் கருத்துகள் முதலில் விளங்கவில்லை. அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே சந்திரநாத செட்டியார் போன்றோர் அவர் ஐயங்களைத் தீர்த்தனர். உலகம் மறந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு நூல், சில தெருக்களில் பக்தியோடு படிக்கப்பட்டு, படித்து முடித்த நாள் விழாவாகக் கொண்டாடப்பட்டு வந்ததை அவரே தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். ஒரு பதிப்பாசிரியர் ஏட்டை மட்டும் பார்க்காமல், அந்த ஏட்டை ஓதும் மக்களையும் தேடிச் சென்றதால் தமிழுக்குக் கிடைத்த பேறு அது. சமணரை நிகழ்காலத்தவராகக் கண்ட பெருமை அவ்வகையில் அவருக்கு உண்டு.

இலக்கியம் தீட்டிய மற்றொரு படம் கழுவேற்றம். மதுரையில் 8,000 சமணர் கழுவேறினர் என்னும் செய்தியைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. கதையின் காலம் 7ஆம் நூற்றாண்டு. சேக்கிழாரின் காலம் 12ஆம் நூற்றாண்டு. அந்நிகழ்ச்சி பின்னர் ஓவியமாயிற்று, கோயில் விழாவின் ஒரு பகுதியுமாயிற்று. பலருக்கு 'சமணர்' என்றவுடன் நினைவுக்கு வருவது இதுவே. இதைப் பற்றிப் பேசுவோர் இரு அணியாகப் பிரிந்து, ஒருவர் அதனைப் பெருமையாகவும் மற்றவர் பழியாகவும் கொள்கின்றனர். இருவரும் கல்வெட்டுகளைப் பார்ப்பது குறைவு. அந்நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பின்னரும் பாண்டிய நாட்டில் சமணம் தொடர்ந்தது. கழுகுமலையின் திருவுருவங்கள் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சித்தன்னவாசலைப் புதுப்பித்த இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர், 9ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தவர். அச்சணந்தி முனிவரின் பெயர் மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றில் காணப்படுகிறது. சமயப் பூசல் இருந்தது என்பதைப் பதிகங்களே காட்டுகின்றன. ஆனால் ஒரே நாளில் ஒரு சமயம் வேரறுந்தது என்னும் படத்தைக் கற்கள் ஏற்கவில்லை.

இங்கே நடுநிலைமை தேவை. பிற சமயத்தவரைக் கடுஞ்சொல்லால் சாடும் வழக்கம் ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. சமணக் காப்பியமாகிய நீலகேசி, பௌத்தரையும் வேதவாதிகளையும் வாதில் வெல்வதாக அமைந்தது. அது மறுத்த பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று குண்டலகேசியைப் பற்றி அறிய விரும்புவோர், அதனை எதிர்த்து எழுந்த நீலகேசியின் துணையை நாட வேண்டியுள்ளது. தோற்றவராகக் காட்டப்பட்டவரின் குரல், வென்றவரின் நூல் வழியாகவே கேட்கிறது. அந்நிலை சமணருக்கு நேர்ந்தபோது வருத்தம் தருமானால், பௌத்தருக்கு நேர்ந்தபோதும் அவ்வருத்தம் தோன்ற வேண்டும். பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்னும் அநேகாந்தக் கோட்பாடு, தனக்குச் சாதகமான இடத்தில் மட்டும் பயன்படும் கருவியன்று.

வரலாற்று நூலார் வழங்கிய சொல் ஒன்றும் ஆராயத்தக்கது. களப்பிரர் காலம் 'இருண்ட காலம்' என்று பல்லாண்டுகள் கற்பிக்கப்பட்டது. சான்றுகள் குறைவு என்னும் பொருளில் தோன்றிய சொல், கேட்பவர் மனத்தில் கொடுமையான காலம் என்னும் பொருளைப் பெற்றது. வேள்விக்குடிச் செப்பேடு களப்பிரரைப் பகைவராகக் கூறியது அதற்குத் துணையாயிற்று. ஆனால் பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் பல அக்காலத்தையோ அதை அடுத்த காலத்தையோ சேர்ந்தவை என்பது அறிஞர் பலரின் கருத்து. 1979இல் வெளிப்பட்ட பூலாங்குறிச்சிக் கல்வெட்டு அக்காலத்ததென்று பெரும்பாலோர் கருதுவர். அதில் தேவகுலமும் தாபதப்பள்ளியும் பிரமதேயமும் ஒருங்கே பேசப்படுகின்றன. காலம் இருண்டிருக்கவில்லை, பார்ப்பவரிடம் விளக்கு இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி களப்பிரர் காலத்தைப் பற்றித் தனிநூல் எழுதினார். அதற்கு முன்பே 1954இல் 'சமணமும் தமிழும்' என்னும் நூலை வெளியிட்டிருந்தார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் நீலகேசியைப் பதிப்பித்தார். 1941இல் தமிழிலுள்ள சமண இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஒருவர் வெளியிலிருந்து வந்தவர், மற்றவர் உள்ளிருந்தவர். இருவரும் விளக்கேற்றியவர்களே.

மூன்றாவது இதழியல். நாளிதழ்களில் சமணர் பெரும்பாலும் இரு உருவங்களில் வருகின்றனர். ஒன்று வயல்வெளியில் 'கண்டெடுக்கப்பட்ட' சிலை. மற்றொன்று நகரத்துக் கடைவீதியின் வடநாட்டு வணிகர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஜைனர் என்று பதிவானோர் ஏறத்தாழ 89,000 பேர். அத்தொகையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரும், ராஜஸ்தான், குஜராத் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவரும் ஒன்றாகவே எண்ணப்பட்டுள்ளனர். 2014 ஜனவரியில் மத்திய அரசு ஜைனரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. அத்தகைய செய்திகளைப் படிக்கும் பலரின் மனத்தில் எழும் படமும் வணிகர் படமே. சிலைக்கும் வணிகருக்கும் இடையே, தமிழ் பேசி, நிலம் உழுது, அந்தி சாய்வதற்குள் உணவை முடிக்கும் ஒரு நயினார் குடும்பம் செய்தியில் இடம் பெறுவதே இல்லை. அக்குடும்பத்துப் பிள்ளையிடம் வகுப்புத் தோழர், "நீங்கள் எப்போது தமிழ் கற்றீர்கள்?" என்று கேட்பது இதன் விளைவு. பவணந்தியாரின் வழிவந்த பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்வி அது.

அச்சு ஊடகம் தீங்கு மட்டுமே செய்தது என்று கூறுதல் நேர்மையன்று. சமண ஆலயங்களையும் குன்றுகளையும் கல்குவாரிகளிலிருந்து காக்க வேண்டும் என்று பலமுறை எழுதியவை நாளிதழ்களே. ஜீவபந்து டி.எஸ். ஸ்ரீபால் கோயில்களில் உயிர்ப்பலியை நிறுத்தப் பேச்சையும் எழுத்தையும் கருவியாகக் கொண்டு நெடுங்காலம் உழைத்தார். 1950இல் சென்னை மாகாணத்தில் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் நிறைவேறியது. சமண அறத்தைச் சமணர் அல்லாத மக்களின் மொழியில் எடுத்துச் சொல்ல முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. முக்குடை போன்ற சமூக இதழ்கள் உள்ளே இருப்போரை இணைத்து வந்துள்ளன. குறை எங்குள்ளது எனில், உள்ளே எழுதப்படுவது வெளியே செல்வதில்லை; வெளியே எழுதப்படுவது உள்ளிருப்போரிடம் கேட்டு எழுதப்படுவதில்லை.

இதனை மாற்றுவது பேரியக்கங்களின் வேலை மட்டுமன்று. குடும்பங்களும் செய்யக்கூடியவை உண்டு. ஒரு தீர்த்தங்கரர் திருவுருவம் புத்தர் சிலை என்று செய்தியில் வந்தால், அவ்வூர் இளைஞர் ஒருவர் சினமின்றி ஒரு கடிதம் எழுதலாம். முக்குடை, பீடத்திலுள்ள இலாஞ்சனை, ஆடையற்ற திருமேனி ஆகியவற்றைச் சுட்டி, புத்தர் உருவத்தில் காணப்படும் ஆடையின் கோட்டையும் விளக்கி நான்கு வரி எழுதினால் போதும். ஆசிரியரும் கற்பார், வாசகரும் கற்பர். இல்லத்துப் பரணில் உள்ள ஓலைச்சுவடியும், பழைய திருமண அழைப்பும், ஆலயத் திருப்பணிக் கணக்கும் குப்பையல்ல; அவை நாளைய வரலாற்றாசிரியருக்குரிய சான்றுகள். அவற்றைப் படமெடுத்து, ஊர், ஆண்டு, பெயர் ஆகியவற்றைக் குறித்து வைப்பது எளிய பணி. பாட்டிமார் கூறும் நோன்புக் கதைகளையும், வீட்டில் மட்டும் வழங்கும் சொற்களையும் ஒலிப்பதிவு செய்து வைக்கலாம். அவர்களோடு மறையும் சொல்லை எந்த அகராதியும் மீட்டுத் தராது.

பெண்களைப் பற்றி ஒரு செய்தி குறிப்பாக நினைவுகூரத்தக்கது. வந்தவாசியை அடுத்த வேடால் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியையும் அவரிடம் பயின்ற 500 மாணாக்கரையும் குறிப்பிடுகிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பெண் அவ்வளவு பேருக்கு ஆசிரியராக விளங்கினார். 'குரத்தி' என்னும் மதிப்புமிக்க சொல் இன்று பெரும்பாலோர் நாவில் இல்லை. சமண இல்லத்துப் பெண்குழந்தைகளாவது அச்சொல்லையும் அப்பெயரையும் அறிந்து வளர்தல் வேண்டும்.

மதுரையை அடுத்த மாங்குளத்தின் குகைக் கல்வெட்டுகள் 1882இல் கண்டறியப்பட்டன. அவ்வகை எழுத்துகள் தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துரைக்கும் வரை, அவை எம்மொழியின என்பதே தெளிவாகவில்லை. கல் இரண்டாயிரம் ஆண்டுகள் அங்கேயே இருந்தது; படிக்கத் தெரிந்தவர் வந்தபின்னரே அது பேசிற்று. வாழும் சமூகத்துக்கு அத்தகைய காத்திருப்புத் தேவையில்லை. தன்னைப் பற்றி நிகழ்காலத்தில் ஒரு வாக்கியம் எழுத அதனால் இன்றே இயலும். "தமிழ்ச் சமணர் வாழ்கின்றனர்" என்னும் அவ்வாக்கியம் பாடநூலிலும் நாளிதழிலும் இடம் பெற வேண்டுமாயின், அது முதலில் அவரவர் இல்லத்தில் எழுதப்பட வேண்டும்.

அறம் வளர்க.