தள்ளி வைத்தார்களா, தள்ளிவிட்டார்களா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'பாஸ் அவுட் ஆன ஆண்டு' என்று ஒரு கட்டம். 1979 என்று எழுதினேன். இதையே லண்டனில் ஒருத்தரிடம் சொன்னால், "அப்புறம் யார் தண்ணி தெளிச்சு எழுப்பினாங்க?" என்று கேட்பார். அங்கே பட்டாளத்திலோ போலீசிலோ பயிற்சி முடித்தால்தான் அந்தப் பாஸ் அவுட்; மற்றவர்களுக்கு அது மயக்கம் போட்டு விழுவது. (நம்மில் சிலருக்கு ரிசல்ட் வந்த அன்று இரண்டும் நடந்தது, அது வேறு கதை.)

சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்த மாதிரி ஒட்டு வினையால் நான் பட்ட அடி ஒன்று உண்டு. 1982-இல் கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து டெலக்ஸ். ஆர்டரை 'புட் ஆஃப்' செய்கிறோம் என்று இருந்தது. நம்ம வீட்டில் லைட்டை புட் ஆஃப் பண்ணுவோம், ஃபேனை புட் ஆஃப் பண்ணுவோம். அணைத்தாயிற்று என்றுதானே அர்த்தம்? முதலாளியிடம் போய், "ஐயா, ஆர்டரைத் தள்ளிட்டாங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. தறியை நிறுத்தச் சொல்லி, தைத்து வைத்திருந்த படுக்கை விரிப்புகளை உள்ளூர் வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார். ஆறு வாரம் கழித்து அடுத்த டெலக்ஸ்: சரக்கு எப்போது கப்பலேறும்?

தள்ளிவிடவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள். ரத்து என்றால் 'கால் ஆஃப்' என்று அடித்திருப்பார்கள். முதலாளி என்னைத் திட்டவில்லை. "தம்பி, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த மாதத்தோடு நானே வேலையை விட்டேன்.

அப்புறம்தான் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனே 1755-இல், வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் இந்த வகைதான் அந்நியருக்குப் பெரும் தொல்லை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். படித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பள்ளியில் நாம் என்ன செய்தோம்? 'கிவ் அப்' என்றால் சரண்டர், 'புட் ஆஃப்' என்றால் போஸ்ட்போன் என்று நடுவில் ஈக்வல் டு போட்டு உருப்போட்டோம். (புட் ஆஃபை நான் அதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும்.) ஈக்வல் இல்லை ஐயா! போஸ்ட்போன் என்பது நோட்டீஸ் போர்டுச் சொல். பல் டாக்டரிடம் போவதை நாளை, நாளை என்று கடத்துகிறோமே, அந்தச் சோம்பலும் பயமும் புட் ஆஃபில்தான் இருக்கிறது. 'கிவ் இன்' என்பதும் 'கிவ் அப்' என்பதும் ஒன்று போலத் தோன்றும். பிள்ளை அழுது அடம்பிடித்து, அப்பா சைக்கிள் வாங்கித்தர இறங்கி வந்தால் அது கிவ் இன். எதிரே நெருக்குகிற ஓர் ஆள் வேண்டும். கணக்கு வரவில்லை என்று நோட்டை மூடிவைத்தால் கிவ் அப். அதற்கு எதிராளி தேவையில்லை.

மாணவர்கள் பயப்பட வேண்டாம். இந்த வித்தை நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. 'வந்தான்', 'வந்துவிட்டான்', 'வந்து தொலைந்தான்'. வருகை ஒன்றுதான், மூன்றாவதைச் சொல்பவர் வீட்டில் காபி கிடைக்காது! 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. அங்கே 'அப்' செய்கிற வேலையை இங்கே நம்ம 'விடு' செய்கிறது. எல்லா 'அப்'புக்கும் இது பொருந்தாது. அகராதியைப் புரட்டத்தான் வேண்டும்.

போன வருடம் கரூர் போனபோது அந்த முதலாளியைப் பார்த்தேன். தொண்ணூறை நெருங்குகிறார். என்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தம்பி" என்று பக்கத்தில் உட்காரவைத்து, "தள்ளிட்டாங்களா, தள்ளி வச்சிருக்காங்களா?" என்றார்.